புள்ளியும் ஒளியும்: இயங்கொளிச் சொல்லின் வரலாறும் தமிழ் எழுத்தும்

1. தோற்றுவாய்

எழுத்து, ஒலிவடிவு வரிவடிவு என இருதிறப்படும் என்பது இலக்கண நூலார் கண்ட உண்மை. ஒலிவடிவு தோன்றிய அளவிலே மறைவது. வரிவடிவு கல்லிலும் ஏட்டிலும் தாளிலும் நின்று நிலவுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய் ஒரு வடிவம் சென்ற நூற்றாண்டில் உலகில் தோன்றியது. அது வரியாய்க் கண்ணுக்குப் புலனாகின்றது. ஆயினும் ஒலியைப் போல நொடிப்பொழுதில் மறைந்தொழிகின்றது. மின்விளக்குகள் நிரல்பட எரிந்தும் அணைந்தும் ஓடச்செய்யும் சொல்லையே ஈண்டுக் குறிக்கின்றோம். அச்சொல்லை மாந்தர் எழுதிவைப்பதும் உண்டு. கணிப்பொறியே விதிவழி ஆக்கித் தருவதும் உண்டு. இவ்விரு வகைச் சொற்களையும் கலைஞர் சிலர் தம் படைப்புக்குப் பொருளாகக் கொண்டனர். அசைவும் ஒளியும் கூடிய அக்கலையை 'இயங்கொளிக் கலை' எனவும், அதன்கண் தோன்றும் சொல்லை 'இயங்கொளிச் சொல்' எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இப்பொருள் ஓவியத் துறையினர்க்கும் பொறியியலார்க்கும் உரியதன்றோ, தமிழ்த்துறைக்கு இதன்கண் யாது பணி என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குரிய நிலமாகச் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கிப் பரந்துள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை எடுத்துக்கொள்கின்றோம். இன்று ஸ்ரீபெரும்புதூர் எனப் பெரிதும் வழங்கும் அவ்வூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பது யாவரும் அறிந்தது. இன்று அவ்வூரைச் சூழ்ந்த ஆலைகளில் ஒளித்திரைகள் உருப்பெறுகின்றன. அங்குள்ள வேலையின் ஓட்டத்தையே ஒளியெழுத்து நெறிப்படுத்துகின்றது. கலைக்கூடத்தில் காண்பதன் வேர் ஆலைக்கூடத்தில் உள்ளது என்பது ஆய்வின் போக்கில் விளங்கும்.

2. எழுதுபொருளும் புள்ளியும்

எழுதப்படும் பொருளே எழுத்தின் உருவை வரையறுக்கின்றது. இவ்வுண்மைக்குத் தமிழ் எழுத்தின் வரலாறு நல்ல சான்று. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியர் விதித்தார். ஆயின் விதி ஒன்றாகவும் கையெழுத்து வேறாகவும் நெடுங்காலம் இருந்தன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளுள் பிற்பட்டன சிலவற்றில் புள்ளி காணப்படினும், கல்வெட்டுகளிற் பெரும்பாலனவற்றில் அது இடம்பெறவில்லை. ஓலையிலோ எழுத்தாணியால் குத்திய புள்ளி ஏட்டைத் துளைத்துவிடும். ஆதலின் ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தே எழுதினர். குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றின.

இவ்வாறு புள்ளியற்றுக் கிடந்த ஏடுகளைத்தான் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் படித்துப் பதிப்பித்தனர். அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத புள்ளியை எவ்வாறு கண்டனர்? எம்மெய் எம்மெய்யோடு மயங்கும், எவ்வெழுத்து மொழிக்கு முதலாகும், எது ஈறாகும் என்னும் இலக்கண அறிவாலும், யாப்பமைதியாலும், முன்பின் இயைபாலுமே கண்டனர். 'அனனம' என ஏட்டிற் கிடப்பதை 'அன்னம்' என அவர்கள் படித்தது இவ்வறிவின் துணைகொண்டேயாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஒகரக் குறில்களின் புள்ளியை நீக்கி, நெடில்களுக்கு வேற்றுரு அமைத்தார். அச்சு பரவியபின் மெய்யின் புள்ளி நாளடைவில் நிலைபெற்றது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளுள் சிலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978-ஆம் ஆண்டில் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை அதனால் ஒருசீரான உருப்பெற்றன. அச்செழுத்தும் தட்டச்சும் வேண்டிய எளிமை இச்சீர்திருத்தத்திற்கு ஒரு காரணம். கல், ஓலை, அச்சு, தட்டச்சு என வந்த இவ்வரிசையில் அடுத்து நிற்பது ஒளிப்பலகை. அது எழுத்தை என் செய்தது என்பதை இனிக் காண்போம்.

3. எழுத்து ஒளியானமை

மின்விளக்கால் எழுதும் வழக்கம் முதலில் விளம்பரத்தின் பொருட்டே எழுந்தது. 1925 முதல் 1934 வரை பாரிசு நகரத்து ஈபில் கோபுரத்தில் சித்ரோயன் என்னும் ஊர்தி நிறுவனத்தின் பெயர் விளக்குகளால் எழுதப்பட்டிருந்தது. அதன் எழுத்துகள் தத்தம் இடத்திலேயே நின்றன. ஓடும் எழுத்துக்குப் பெரும்புகழ் தந்தது நியூயார்க்கு நகரத்து டைம்சு கட்டடத்தைச் சுற்றி அமைந்த பட்டை. 1928 நவம்பர் 6-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை அது மக்களுக்கு அறிவித்தது. ஏறத்தாழ 15,000 மின்குமிழ்கள் அதில் இருந்தன. எழுத்துருக்கள் கோத்த சங்கிலி ஒன்று உள்ளே நகர, அவ்வுருக்கள் தொட்ட இடங்களுக்குரிய குமிழ்கள் வெளியே எரிந்தன. அங்கு எக்குமிழும் இடம்பெயரவில்லை. எரிதலும் அணைதலும் அடுத்தடுத்து நிகழ்தலைக் கண் ஓட்டமாகக் கொண்டது. இயங்கொளியின் அடிப்படை இதுவே.

இதனையொத்த அமைப்பை நம் நாட்டு விழாக்களிலும் காணலாம். தமிழ்நாட்டுக் கோயில் விழாக்களில் 'சீரியல் செட்டு' எனப் பொதுமக்கள் வழங்கும் விளக்குத் தோரணங்களில் தெய்வத்தின் உருவும் பெயரும் ஒளிர்ந்து ஓடும். வங்காளத்துச் சந்தனநகர் இத்தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். எண்ம முறை வருமுன் ஓர் உருளையின்மேல் செப்புத் தகடுகளைப் பதித்து, உருளை சுழலுந்தொறும் தகடு தொட்ட கம்பிவழி விளக்கு எரியுமாறு அமைப்பர். எவ்விளக்கு எப்போது எரியவேண்டும் என்னும் கட்டளை அத்தகடுகளின் இடவமைதியிலேயே அடங்கியிருந்தது. எனவே உருளையும் ஒருவகை நூல் எனலாம்.

ஒளியின் அசைவையே கலையாக்கியவருள் லாசுலோ மொகாலி-நாகி குறிப்பிடத்தக்கவர். அங்கேரி நாட்டினரான இவர் 1930-இல் உலோகத் தகடும் கண்ணாடியும் சுழன்று சுவர்மீது ஒளியும் நிழலும் படரச்செய்யும் கருவியொன்றைப் பாரிசில் காட்சிக்கு வைத்தார். அதன்கண் சொல் இல்லை. சொல்லை அசைவோடு இணைத்தவர் லிலியன் லின் என்னும் பெண் கலைஞர். 1962-ஐ ஒட்டி அவர் எழுத்துகளைச் சுழல் உருளைகளில் பதித்துக் 'கவிதைப் பொறிகள்' எனப் பெயரிட்டார். மெல்லச் சுழலுங்கால் சொல் தெரியும். விரைந்து சுழலுங்கால் சொல் கரைந்து வெறுங்கோடாகும். படிக்கத்தக்கதாகிய எழுத்து விரைவினால் படிக்கலாகாததாகும் எல்லையை அவர் படைப்பு காட்டிற்று. அவ்வாண்டே நிக் ஓலொன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் ஆக்கினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒளிப்பலகைகளுக்கு அதுவே வித்து.

4. பொறி யாத்த சொல்

ஒளி ஒருபால் வளர, சொல்லைப் பொறியே ஆக்கும் முயற்சி மற்றொருபால் வளர்ந்தது. 1952-இல் இங்கிலாந்தின் மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்ராண்டி மார்க்கு 1 என்னும் கணிப்பொறியைக் கொண்டு கிறித்தோபர் சுடிரேச்சி காதல் முடங்கல்கள் ஆக்கினார். பெயர், வினை, அடைமொழி ஆகியவற்றின் பட்டியல்களும், அவற்றை நிரப்புதற்குரிய தொடர்ச் சட்டங்களும் பொறிக்குத் தரப்பட்டன. எச்சொல்லை எடுப்பது என்பதைக் குறிப்பின்றி எழும் எண்கள் முடிவு செய்தன. 1959-இல் செருமானிய நாட்டுச் சுடுட்கார்ட்டில் தியோ லூட்சு என்பார் சூசு இசட்22 என்னும் பொறியால் இத்தகைய தொடர்களை ஆக்கினார். காப்காவின் புதினமொன்றிலிருந்து எடுத்த 16 எழுவாய்களும் 16 பயனிலைகளும் அவர் பொறிக்குத் தந்த சொற்செல்வம். இவ்விரு முயற்சிகளிலும் சொல் தாளிலேயே அச்சாயிற்று.

ஒளிப்பலகையைக் கலைக்குரிய ஏடாகப் பலரறியக் கையாண்டவர் செனி ஓல்சர். 1982-இல் நியூயார்க்கின் டைம்சு சதுக்கத்து விளக்குப் பலகையில் தம் முதுமொழி போன்ற வாக்கியங்களை ஓடவிட்டார். 1989–90-இல் குக்கன்கெய்ம் அருங்காட்சியகத்தின் சுருள் மாடத்தில் எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்தினார். எனினும் அவை அவரே எழுதிய சொற்கள். விளம்பரத்துக்குரிய இடத்தில் விளம்பரமல்லாத சொல் தோன்றியதே அவர் செய்த புதுமை.

ஒளி, அசைவு, பொறியின் தெரிவு ஆகிய மூன்றும் ஒருங்கமைந்த படைப்பு, மார்க்கு ஆன்சனும் பென் ரூபினும் 2001–2002-இல் ஆக்கியதாகும். முன்னவர் புள்ளியியலாளர், பின்னவர் ஒலிக் கலைஞர். 11 வரிசையும் 21 நிரலுமாக 231 சிறு திரைகள் ஒரு சட்டத்தில் தொங்கின. இணைய உரையாடல் அறைகளில் மக்கள் அவ்வப்போது எழுதிய தொடர்களைக் கணிப்பொறி திரட்டித் தெரிந்து அத்திரைகளில் ஓடவிட்டது. சிலவற்றைக் குரலாலும் ஒலித்தது. சூலியசு பாப்பு என்னும் செருமானியர் செய்திகளில் மிக்குவரும் சொற்களைக் கணிப்பொறியால் எடுத்து, நீர்த்துளிகளால் எழுதினார். மேலிருந்து விழும் துளிகள் ஒரு நொடி எழுத்தாகி, உடனே நீராய்க் கீழே வீழும்.

இவ்வரலாற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. சுடிரேச்சியின் முடங்கல் யாருடையது? 231 திரைகளில் ஓடிய தொடர் யாருடையது? சொல்லை ஈந்தவர் ஒருவர், தெரிந்தெடுத்தது பொறி. ஆயின் 'இவ்வாறு தெரிக' என்னும் விதியை வகுத்தவர் கலைஞர். இயங்கொளிக் கலையில் ஆசிரியன் என்பான் சொல்லை எழுதுவோன் என்பதினும் விதியை எழுதுவோன் என்பதே பொருந்தும். விதி எழுதுதலோ இலக்கண ஆசிரியனின் தொழில். ஆதலின் தமிழ்த்துறைக்கு இதன்கண் பணி உண்டு என்பது பெறப்படுகின்றது.

5. சித்திரகவியோடு ஒப்புநோக்கு

இவ்விடத்து ஒரு தடை எழலாம். எழுத்தை எண்ணிக் கட்டத்துள் அமைக்கும் கலை தமிழில் பண்டே உள்ளதன்றோ, மேனாட்டார் கண்டது நம் சித்திரகவியன்றோ என்பர் சிலர். திருஞானசம்பந்தர் மாலைமாற்றும் எழுகூற்றிருக்கையும் பாடினார். திருமங்கையாழ்வாரின் எழுகூற்றிருக்கை தேர் வடிவில் எழுதப்படுவது. கோமூத்திரி, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலியவற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகிய தண்டியலங்காரம் வகுத்துரைத்தது. மாறனலங்காரம் அவற்றை மேலும் விரித்தது.

சருப்பதோபத்திரத்தில் எட்டெழுத்துக் கொண்ட நான்கடி, அறுபத்துநான்கு கட்டங்களில் அமைந்து, எப்பக்கத்தினின்று படிப்பினும் அச்செய்யுளே ஆகும். நாகபந்தத்தில் உடல் பிணையும் இடத்து நின்ற ஓரெழுத்து இரு பாட்டுக்கும் பொதுவாகும். கட்டமும் விதியும் எழுத்தெண்ணிக்கையும் இங்கே உள்ளன என்பது உண்மை. அதனால் இரண்டும் ஒன்று எனக் கூறிவிடல் ஆய்வு நெறியாகாது. சித்திரகவியில் எழுத்து அசையாது கிடக்கும். படிப்போன் கண்ணே பாம்பின் உடல்வழியும் தேரின் தட்டுவழியும் செல்லும். இயங்கொளியில் கண் நிற்க எழுத்து ஓடுகின்றது. சித்திரகவியில் விதிக்கு உட்பட்டுப் பொருளும் தருதல் புலவன் கடன். பொருள் திரிந்தால் அது கவியாகாது. பொறியோ விதியை நிறைவேற்றும்; பொருளுக்குப் பொறுப்பேற்காது.

ஆகவே சித்திரகவி நமக்குத் தருவது முன்னுரிமைப் பெருமையன்று, ஓர் அளவுகோல். கட்டத்துள் அடைபட்ட எழுத்தும் செம்மையான சொல்லாதல் வேண்டும் என்பதே அவ்வளவுகோல். அதனைக் கொண்டு இன்றைய ஒளிப்பலகையை அளந்து பார்ப்போம்.

6. ஆலை நிலத்து ஒளியெழுத்து

திருப்பெரும்புதூர் வட்டாரம் தொழில் நிலமான வரலாறு குறுகியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய் ஊர்தி ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2000-இல் செயின்ட் கோபெய்ன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை வந்தது. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2007-இல் சாம்சங்கின் தொலைக்காட்சி ஆலையும் தொடங்கின. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பல்லாயிரவர்க்கு வாழ்வளித்த இடம் அமைதியுற்றது. பின்னர் 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அதனை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது.

இவற்றுள் கைப்பேசியும் தொலைக்காட்சியும் நம் ஆய்வுக்கு நேரே உரியன. திரை எனப்படுவது புள்ளிகளின் அடுக்கு. நோக்கியா 2000-இல் வெளியிட்ட 3310 என்னும் கைப்பேசியின் திரையில் கிடையாக 84-உம் நெடுக்காக 48-உம் ஆக 4,032 புள்ளிகள் இருந்தன. சருப்பதோபத்திரத்தின் 64 கட்டங்கள் எங்கே, இவை எங்கே எனத் தோன்றலாம். ஆயினும் முன்னையதில் ஒரு கட்டம் ஓரெழுத்தைத் தாங்கிற்று, பின்னையதில் ஓரெழுத்தைப் பல புள்ளிகள் கூடித் தாங்குகின்றன. எழுத்து உடைந்து புள்ளியாகியதே ஒளியெழுத்தின் அடிப்படை மாற்றம்.

ஊர்தி ஆலைகளில் மற்றொரு வகை ஒளியெழுத்து உண்டு. 'அந்தோன்' என்பது அதன் பெயர். சப்பானிய மொழியில் அச்சொல் தாள் கவிந்த விளக்கைக் குறிக்கும். டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையில் சிறப்பிடம் பெற்று, ஊர்தித் தொழில் எங்கும் பரவியது இது. தொழிலாளி தம் வேலையிடத்தில் குறை காணின் அருகே தொங்கும் கயிற்றை இழுப்பார். அல்லது பொத்தானை அழுத்துவார். உடனே மேலே தொங்கும் பலகையில் அவ்விடத்தின் எண் ஒளிரும். குறை தீராவிடின் வரிசை நிற்கும். இன்றைய அந்தோன் பலகைகளில் அன்றைய இலக்கு, முடிந்த எண்ணிக்கை, குறை எண்ணிக்கை ஆகியவற்றைக் கணிப்பொறி நொடிதோறும் கணித்துக் காட்டும்.

கலைக்கூடத்துப் படைப்போடு இதனை ஒப்பிட்டால் ஒற்றுமை வியப்பளிக்கின்றது. 231 திரைகளின் பின்னே முகமறியா மக்களின் சொல் இருந்தது. அந்தோனின் பின்னே தொழிலாளியின் கை உள்ளது. இரண்டிலும் மனிதர் தரும் குறிப்பைப் பொறி விதிவழி எழுத்தாக்குகின்றது. ஆனால் வேற்றுமை பெரிது. கலைக்கூடத்தில் எழுத்தொன்று சிதைந்தால் காண்போர் அதனையும் கலையென்று கடந்து செல்லக்கூடும். ஆலையில் சிதைந்தால், நிறுத்தவேண்டிய வரிசை நில்லாதோடும், கை நசுங்கும்.

7. பலகை ஏறிய தமிழ்

இனித் தமிழெழுத்துப் பலகை ஏறிய முறையைக் காண்போம். உரோமன் பேரெழுத்து ஒன்றற்கு 5 நிரலும் 7 வரிசையுமாக 35 புள்ளிகள் போதும். இவ்வளவினைக் கொண்டே சிறு பலகைகள் பல அமைந்தன. தமிழுக்கு இது போதாது. மெய்யின் புள்ளிக்கு ஒரு வரிசையும், அதற்கும் எழுத்துடலுக்கும் இடைவெளியாக ஒரு வரிசையும் ஒதுக்கினால் உடலுக்கு எஞ்சுவது ஐந்தே வரிசை. கீழே உகர ஊகரக் குறிகளுக்கு இடமே இல்லை. 'ஞ', 'ணு', 'ளூ' என்பன அவ்வளவில் அடங்கா. எழுத்தைக் குறுக்கின் மயங்கும். விரிப்பின் பலகையின் விலை ஏறும். விலை குறைந்த பலகைகளில் தமிழ் இடம்பெறாமைக்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது இடர்ப்பாடு குறியீட்டால் வந்தது. தனித்தனி நிறுவனத்தார் தனித்தனிக் குறியீடு அமைத்திருந்த நிலையை மாற்ற 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுநெறி கண்டது. 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. ஒருங்குறியில் எகர ஏகர ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும். காட்டுங்கால் அவை மெய்க்கு இடப்பக்கம் வரவேண்டும். இவ்விடமாற்றம் அறியாத பலகையில் கொம்பு தன் மெய்யை விட்டு அடுத்த மெய்யைப் பற்றும். 'செய்தி' என்பது சகரம் தனித்து நிற்க, யகரத்தின் முன் கொம்பு ஏறியதாய்த் தோன்றும். சாலையோரக் கடைகளின் ஓடும் பலகைகளில் இத்தகைய பிழைகளைக் காணாதார் அரியர்.

மூன்றாவதே நாம் முதன்மையாகக் கருதுவது. பலகையில் உள்ள விளக்குகள் எல்லாம் ஒருங்கே எரிவதில்லை. வரிசை வரிசையாய் மாறிமாறி விரைந்தெரிய, கண் அதனை ஒரே ஒளியாகக் கொள்கின்றது. ஆதலின் பழுது நேருங்கால் தனி விளக்கு அணைவதோடன்றி ஒரு வரிசை முழுதும் அணைதலும் உண்டு. கீழ்வரிசை அணைந்தால் எழுத்தின் அடி குறையும், படிக்க முடியும். மேல்வரிசை அணைந்தாலோ அங்கு நிற்கும் மெய்ப்புள்ளிகள் யாவும் ஒருங்கே மறையும். அப்பொழுது அப்பலகை ஓலைச்சுவடியாகிவிடுகின்றது! இருநூறாண்டு அச்சு தந்த புள்ளியை ஒரு கம்பியின் பழுது பறித்துக்கொள்கின்றது.

ஏட்டிற் புள்ளியில்லாத சொல்லைப் படித்தோர்க்கு முன்பின் அடிகள் துணைநின்றன. பலகையில் தனித்து ஒளிரும் ஒரு சொல்லுக்கு அத்துணை இல்லை. 'நில்' என்பது 'நில' என்றாகும். ஏவல் அழிந்து பெயரடையாகும். 'செல்' என்பதும் 'கல்' என்பதும் இவ்வாறே திரியும். உரோமன் எழுத்தில் ஒரு புள்ளி அணைவதால் மொழி இவ்வளவு மாறுபடுதல் அரிது. தமிழில் புள்ளி அணியன்று. ஓரொலியை நீக்கும் ஆணை. ஆதலின் தமிழ்ப் பலகை அமைப்போர் புள்ளியை ஒற்றை விளக்காக அன்றி, இரு வரிசையில் நான்கு விளக்குகளாக அமைத்தல் வேண்டும். ஒரு வரிசை அணையினும் மற்றது காக்கும். இது பொறியியல் நூலிற் காண்பதன்று. சுவடி படித்த அறிவு கற்பிக்கும் பாடம்.

8. பொறி ஆக்கும் தமிழ்ச் சொல்

எழுத்துச் செம்மையாய் ஒளிரினும், அதனால் ஆகும் சொல் தமிழாதல் வேண்டும். பொறி எழுத்துகளைக் குறிப்பின்றிக் கோத்தால் என் நிகழும் என ஒரு கணக்கால் காண்போம். நெடுங்கணக்கின் 247 எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்தால் 61,009 கோவைகள் பிறக்கும். தொல்காப்பிய மொழிமரபின்படி மொழிமுதலாவன: உயிர் 12, க, த, ந, ப, ம என்பன எல்லா உயிரோடும் கூடி 60, சகரம் 9, வகரம் 8, ஞகரம் 3, யகரம் 1, ஆக 93. குற்றியலுகரத்தை ஈண்டு எண்ணவில்லை. ஈற்றில், அளபெடை ஒழிய உயிர் 12-உம், ஆய்தமும், ஈறாகாத மெய் ஏழும் நீங்க, 227 எஞ்சும். இவ்விரு விதிகளாலேயே 61,009 என்பது 21,111 ஆகச் சுருங்குகின்றது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிந்தது. ர், ழ் இரட்டித்தல் இல்லை, ட், ற், ல், ள் என்பவற்றின்பின் க, ச, ப வரும் என்பன போன்ற மயக்க விதிகளைச் சேர்ப்பின், நீண்ட சொற்களில் மேலும் பல கழியும்.

கணிப்பொறி தோன்றுதற்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்னரே வகுத்த விதிகள் கணிப்பொறிக்கு இவ்வளவு பொருந்துவது, அவை எண்ணத்தக்க முறையில் அமைந்தமையால் ஆகும். இதற்கு நடைமுறைச் சான்றும் உண்டு. சென்னைக் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்த ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையத்தார், மெட்டுக்கேற்பத் தமிழ்ப் பாடலடிகளைக் கணிப்பொறியால் ஆக்கும் முறையை 2009-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். மெட்டின் அசைவைக் குறில், நெடில், மெய் என்னும் மூவகைக் குறியால் எழுதி, அக்குறிக்கேற்ற சொற்களைப் பொறி தேடுமாறு செய்தனர். குறிலும் நெடிலும் மெய்யும் நூன்மரபு முதலாக நாம் பயிலும் பாகுபாடுகளே. திருப்பெரும்புதூருக்கு அண்மையிலேயே இம்முயற்சி நிகழ்ந்தது. யாப்பமைதியை ஆராயும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள்களும் இவ்வழியிற் பிறந்தனவே.

பழைய விதியே போதும் என்பது நம் கருத்தன்று. சகரம் அகரத்தோடு மொழிமுதலாதலை நன்னூல் ஏற்றது. இன்று டகர ரகரங்களும் மொழிமுதலாய் வழங்குகின்றன. ஒரகடத்து ஆலைத் தொழிலாளர் 'ஷிப்ட்' என்பர், 'லைன்' என்பர். இவற்றை விலக்கும் பொறி அவர்க்குப் பயன்படாது. இன்றைய கணிப்பொறிகளோ விதியைக் கற்பதினும் பெருந்தொகையான உரைகளைப் படித்து வழக்கையே கற்கின்றன. படிக்கத் தரும் தமிழுரை சிறிதாகவும் பிழை மலிந்ததாகவும் இருப்பின், அப்பொறி ஆக்கும் தமிழும் அத்தகையதே ஆகும். நல்லுரைகளைத் தொகுத்துத் தருதல் பதிப்பாசிரியர் பணியின் தொடர்ச்சியே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, இயங்கொளிச் சொல்லின் ஆசிரியன் விதி வகுப்போனே ஆதலின், தமிழ்ச் சொல்லுக்கு விதி வகுக்கும் இடத்தில் தமிழறிந்தார் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒளிப்பலகை தமிழுக்குப் புதிதாயினும் அது விளைக்கும் குறை புதிதன்று. ஓலை இழந்த புள்ளியையே அதுவும் இழக்கின்றது. சுவடிப் பயிற்சி இன்றும் பயன்தரும் கல்வியாம் என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டா. மூன்றாவது, ஒளிச்சொல் நில்லாது மறைவதாகலின், அதனைப் பதிவு செய்தல் வேண்டும். எப்பலகை, எவ்வூர், எந்நாள், எவ்விதியால் ஆக்கிய சொல் என்னும் குறிப்புகளோடு தொகுத்தால், கல்வெட்டுத் தொகுதிபோல ஒளியெழுத்துத் தொகுதியொன்று உருவாகும். முதுகலை மாணவர் ஓராண்டில் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள சாலைப் பலகைகளையேனும் தொகுத்துவிடலாம்.

அவ்வட்டாரத்தில் திரையின் உறுப்புகளைப் பொருத்தும் கைகளிற் பல தமிழர் கைகள். அவர்கள் இணைத்த விளக்கில் அவர்கள் மொழி பிழையின்றி ஒளிர்தல் வேண்டும் என்பது பெரிய வேண்டுகோள் அன்று. 'நில்' என்னும் ஒரு சொல் 'நில்' என்றே தெரிய வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு நம் நூல்களில் உள்ளது. அதனை ஆலைக்கும் பொறிக்கும் கொண்டுசேர்த்தலே எஞ்சிய பணி.